பிரசவம் ஆகட்டும், பார்த்துக்கலாம்



கர்ப்பிணிகளுக்கான கூட்டம் என்று சொல்லித்தான் என்னைப் பேச அழைத்தார்கள். வந்து பார்த்தால் கர்ப்பிணிகளைவிட அவர்களைக் கூட்டிவந்த அம்மாக்களும் மாமியார்களும்தான் அதிகம். எனக்கு அதில் சந்தோஷமே. ஒரு கர்ப்பிணி பல் டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்பதை நம் வீடுகளில் அவள் ஒருத்தியே முடிவு செய்வது அபூர்வம். முடிவு செய்கிறவர்கள் நேரிலேயே வந்துவிட்டீர்கள். என் வேலை பாதி முடிந்தது.

ஈறு மருத்துவம் என் துறை. அங்கே நான் ஓயாமல் கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "இப்ப வேணாம் டாக்டர், பிரசவம் ஆகட்டும், பார்த்துக்கலாம்." கர்ப்பிணி சொல்வார், கணவர் சொல்வார், மாமியார் சொல்வார். சில சமயம், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, பல் டாக்டரே சொல்லி அனுப்பிவிடுவார். இன்று நான் பேசப்போவது இந்த வாக்கியத்தோடுதான்.

முதலில் ஈறைப் பார்ப்போம். பல் தேய்த்துத் துப்பினால் நுரை சிவப்பாக இருக்கிறது. கொய்யாப்பழத்தைக் கடித்தால் கடித்த இடத்தில் ரத்தம் தெரிகிறது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 60 முதல் 75 பேருக்கு இப்படி ஈறு வீங்கும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தரும் கணக்கு. இந்த அறையில் இருக்கிற கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருக்கும் என்று நான் தைரியமாகச் சொல்லலாம். வலி இல்லாததால் யாரும் வெளியே சொல்வதில்லை.

ஏன் வீங்குகிறது? ஈறும் பல்லும் சேருகிற விளிம்பில் கிருமிகள் சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகின்றன. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் கொழகொழவென்று இருக்கிறதே, அதுதான். துடைக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதில் ஏறிக் கல்லாகிவிடும். அதைக் காரை என்கிறோம். இந்தப் படலம் எல்லார் வாயிலும் உண்டு. கர்ப்பம் தரித்ததும் புதிதாக அழுக்கு எங்கிருந்தோ வந்து உட்காருவதில்லை. ஈறுதான் மாறுகிறது. புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் உடம்பில் பல மடங்கு ஏறுகின்றன. ஈறுக்குள் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, கசியத் தொடங்குகின்றன. போன வருஷம் வரை பொறுத்துக்கொண்டிருந்த அதே அழுக்கை ஈறு இப்போது பொறுப்பதில்லை.

நார்வேக்காரரான ஹரால்ட் லோ, சில்னஸ் என்பவரோடு சேர்ந்து கர்ப்பிணிகளின் ஈறுகளை மாதவாரியாகப் பார்த்து 1963-இல் எழுதினார். இரண்டாம் மாதத்தில் வீக்கம் தொடங்குகிறது, எட்டாம் மாதம் வரை ஏறிக்கொண்டே போகிறது, கடைசி மாதத்தில் சற்றுத் தணிகிறது, பிரசவத்துக்குப் பிறகு இறங்குகிறது. 1980-இல் கார்ன்மன், லோஷ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். ஈறு நோய்க் கிருமிகளில் ஒன்று இந்த ஹார்மோன்களையே தீனியாக எடுத்துக்கொண்டு பெருகுகிறதாம். ஆக, ஒரு பக்கம் ஈறு பலவீனம், மறுபக்கம் கிருமிக்கு விருந்து.

ஹார்மோனை நாம் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. குழந்தை நிலைப்பதே அதனால்தான். ஆனால் அந்தப் படலத்தை அன்றன்றைக்கு எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் ஹார்மோன் எவ்வளவு ஏறினாலும் ஈறு பெரிதாகக் கோபப்படுவதில்லை. இங்கேதான் நம் பெண்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். ரத்தம் வந்ததும் பயந்து, அந்த இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கித் தேய்க்கிறார்கள். சிலர் பிரஷ்ஷையே தூக்கிப் போட்டுவிட்டு விரலால் பல்பொடி தேய்க்கிறார்கள். அழுக்கு இன்னும் சேர, ரத்தம் இன்னும் கூடுகிறது. ரத்தம் வருகிற இடம்தான் சுத்தம் கேட்கிற இடம். மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சற்றுச் சாய்த்து வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்னதாக அசையுங்கள். காலையில் ஒரு தரம், ராத்திரி படுக்கும் முன் ஒரு தரம். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ராத்திரியைச் செய்யுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், கிருமிக்கு அது சௌகரியம். ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் குறையவில்லை என்றால், கையால் எடுக்க முடியாத காரை உள்ளே இருக்கிறது என்று பொருள். அதை நாங்கள்தான் எடுக்க வேண்டும்.

சாம்பல், செங்கல் தூள், கரி, உப்பு, இவற்றால் பல் தேய்ப்பதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. பாத்திரம் தேய்க்க அவை நல்லவை.

இங்கே ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "எங்க அத்தை பிரஷ்ஷைக் கண்ணால பார்த்ததில்லை. ஏழு பிள்ளை. எண்பது வயசுல முறுக்கு கடிக்கிறாங்க. அது எப்படி?" நியாயமான கேள்வி. இதற்கான பதிலும் அதே ஹரால்ட் லோவின் குழுவிடம்தான் இருக்கிறது, அதுவும் தமிழர் வாயிலிருந்து வந்த பதில். 1970-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களை அவர்கள் பரிசோதித்தார்கள். நம் மலையகத் தமிழர்கள். பல் துலக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் கிடையாது. எல்லார் பல்லிலும் காரை, எல்லார் ஈறும் வீக்கம். 15 வருஷம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு ஈறு நோய் வேகமாகப் போய்ப் பற்கள் கொட்டின. 81 பேருக்கு மெதுவாக எலும்பு கரைந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றுமே ஆகவில்லை. அதே அழுக்கு, அதே சோறு, உடம்பு மட்டும் வேறு. உங்கள் அத்தை அந்தப் பதினொன்றில் ஒருவர். நீங்கள் எதில் என்று முன்கூட்டிச் சொல்ல என்னிடம் எந்தப் பரிசோதனையும் இல்லை. அத்தையின் பல்லை நம்பி உங்கள் பல்லை விட்டுவிடாதீர்கள்.

ஈறைப் பற்றி இன்னும் ஒன்று. சிலருக்கு நாலைந்தாம் மாதத்துக்கு மேல், பெரும்பாலும் மேல் முன்பற்களுக்கு இடையில், சிவந்த சதை ஒன்று முளைக்கும். தொட்டால் பொலபொலவென்று ரத்தம் கொட்டும். புத்தகத்தில் இதற்குக் கர்ப்ப காலத்து ட்யூமர் என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஈறு எரிச்சலுக்கு உடம்பு அளவுக்கு மீறிக் காட்டுகிற எதிர்ப்பு, அவ்வளவுதான். சாப்பிடவோ பேசவோ தொந்தரவு இல்லையென்றால் சுற்றிச் சுத்தம் செய்துவிட்டு விட்டுவைப்போம். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும். "பிரசவம் ஆகட்டும்" என்று நானே சொல்கிற ஓர் இடம் இது. அதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

அடுத்து, கால்சியம். "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லைக் கொடுத்தேன்" என்று சொல்லாத பாட்டி உண்டா? வயிற்றுப் பிள்ளை அம்மாவின் பல்லில் இருந்து சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும் என்று நம்பினார்கள். ஐரோப்பாவிலும் பாட்டிகள் இதையே சொல்லியிருக்கிறார்கள். உண்மை என்னவென்றால், பல்லில் ஒரு தரம் ஏறிய கால்சியத்தை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வழியே இல்லை. எலும்பு அப்படியில்லை, அதில் போட்டும் எடுத்தும் கொண்டே இருக்கும். பிறக்கும்போது குழந்தையின் உடம்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் சேர்வது. அதற்காக அம்மாவின் குடல் சாப்பாட்டில் இருந்து கால்சியத்தை இரண்டு மடங்கு இழுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. போதாததற்கு எலும்பு கொஞ்சம் கடன் கொடுக்கிறது. பல் ஒரு பைசா கொடுப்பதில்லை.

அதனால்தான் நாலாவது மாதத்தில் இருந்து நர்ஸம்மா கால்சியம் மாத்திரை தருகிறார். காலை ஒன்று, இரவு ஒன்று, குழந்தை பிறந்து ஆறு மாதம் வரைக்கும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், ஒன்று மற்றொன்றை உள்ளே விடாது. சாப்பாட்டோடு கால்சியம், அதற்கு நேரம் தள்ளி இரும்பு. கால்சியம் உங்கள் எலும்புக்கும் குழந்தையின் எலும்புக்கும். உங்கள் பல்லை அது காப்பாற்றாது. "கால்சியம் மாத்திரை சாப்பிட்டும் பல் சொத்தையாயிடுச்சே" என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் பாட்டி பார்த்ததில் பொய் இல்லை. 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூட, பெண்கள் இழந்த பற்களின் எண்ணிக்கையும் கூடுவதைக் காட்டியது. ஏழை வீட்டில் மட்டுமில்லை, வசதியான வீட்டிலும் அப்படித்தான். பாட்டி எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னாள், காரணத்தைத்தான் தப்பாகச் சொன்னாள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஈறு வீங்குகிறது. ஒவ்வொரு தரமும் "பிரசவம் ஆகட்டும்". பிரசவம் ஆனால் கைக்குழந்தை. குழந்தை நடக்க ஆரம்பித்தால் அடுத்தது வயிற்றில். சின்னச் சொத்தை பெரிதாகி, வேர் வரைக்கும் போய், கடைசியில் பிடுங்குகிறோம். அந்தப் பல்லைப் பிள்ளை கொண்டுபோகவில்லை. தள்ளிப்போட்டதில் போனது.

மசக்கைக்கு வருகிறேன். இங்கே பல்லுக்கு உண்மையிலேயே சேதம் நடக்கிறது. நம் பல்லின் வெளிப்பூச்சு உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் வாயின் அமிலநிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். வயிற்றில் இருந்து மேலே வருகிற அமிலம் ஒன்று, இரண்டு என்ற நிலையில் இருக்கிறது. எண் குறையக் குறைய அமிலத்தின் வீரியம் கூடும். வாந்தி எடுக்கும்போது அது நேராக மேல் முன்பற்களின் உட்புறத்தில் போய் மோதுகிறது. ஓரிரு வாரம் எடுத்தால் ஒன்றுமில்லை. ஆனால் சிலருக்கு அஞ்சு மாதம், ஆறு மாதம், பிரசவ நாள் வரைக்கும்கூட நிற்காது. அவர்களுக்குப் பற்களின் உட்பக்கம் வழவழவென்று தேய்ந்து, உள்ளே இருக்கிற மஞ்சள் தெரியும். மோர் குடித்தால்கூடக் கூசும்.

வாந்தி எடுத்ததும் வாய் நாற்றம் தாங்காமல் உடனே பல் தேய்க்கத் தோன்றும். தோன்றத்தான் செய்யும், ஆனால் தேய்க்காதீர்கள். அமிலம் பட்டுப் பல்லின் மேற்பரப்பு இளகியிருக்கும் நேரம் அது. அப்போது பிரஷ் போட்டால் இளகியதையும் சேர்த்து வழித்தெடுத்துவிடுவீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிறு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரைத்து வாய் கொப்பளித்துத் துப்புங்கள். சோடா அமிலத்தை முறித்துவிடும். சோடா கையில் இல்லையா, வெறும் தண்ணீரே போதும். அரைமணி நேரத்துக்கு மேல் கழித்துத் தேய்க்கலாம். வேலைக்குப் போகிற பெண்கள் பஸ்ஸில் ஒரு தண்ணீர் பாட்டிலை எப்போதும் கையில் வைத்திருங்கள், குடிக்க மட்டுமில்லை, கொப்பளிக்கவும்.

பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்பவர்களுக்கு: குழந்தைகளுக்கு விற்கிற சின்னத் தலை பிரஷ் வாங்குங்கள். தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தால் நுரை தொண்டைக்குப் போகாது. புதினா நெடி ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நெடி இல்லாத பேஸ்ட்டைத் தேடுங்கள், அதுவும் ஆகாத நாளில் வெறும் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலும் போதும். காலையில்தான் தேய்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மசக்கை தணிகிற நேரம் பார்த்து, பதினோரு மணியானாலும் தேய்க்கலாம்.

கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடச் சொல்கிறார் மகப்பேறு டாக்டர். அவர் சொல்வது சரி. ஆனால் வீட்டில் அது ரஸ்க்காகவும் பிஸ்கட்டாகவும் மாறிவிடுகிறது. இனிப்போ மாவுப்பண்டமோ வாய்க்குள் போன ஒவ்வொரு தரமும் கிருமிகள் அதை அமிலமாக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரைமணி நேரமாவது பிடிக்கும். நாளைக்கு எட்டுத் தரம் ரஸ்க் கடித்தால் பல் நாலு மணி நேரமாவது அமிலத்திலேயே ஊறுகிறது. வறுத்த வேர்க்கடலை, சுண்டல், பொரிகடலை, வெள்ளரி, உப்புப் போட்ட மோர், இவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. புளிப்பு கேட்கிற நாக்குக்கு மாங்காயை வேண்டாம் என்று சொன்னால் நான் தமிழ்நாட்டில் பிழைக்க முடியாது. சாப்பிடுங்கள், ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரால் கொப்பளியுங்கள். கீற்றை வாயில் அதக்கிக்கொண்டு சீரியல் பார்க்காதீர்கள்.

பல்பம் தின்கிற பெண்கள் இங்கே யாராவது இருந்தால் கையைத் தூக்க வேண்டாம், எனக்குப் பல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல்பம், பச்சரிசி, அடுப்புச் சாம்பல், செம்மண், திருநீறு. இந்த ஆசை பெரும்பாலும் ரத்தசோகையோடு கைகோத்து வருகிறது. பல் தேய்வது சின்ன விஷயம். வெட்கப்படாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுவார். மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அதைக் கேலி பண்ணாதீர்கள், மறைத்துத் தின்பாள்.

சரி, பல்லே வலிக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது என்ன? நம் ஊரில் முதல் வைத்தியம் மெடிக்கல் ஷாப்பில். "பல்வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டால் நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கு இதைவிட ஆபத்தான பொட்டலம் இல்லை. அந்தச் செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரோஃபெனோ இருக்கும். கர்ப்பத்தின் பிற்பாதியில் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை நேரத்துக்கு முன்பே மூடிவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இல் 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கச் சொன்னது. டெட்ராசைக்ளின் வகை மாத்திரை இருந்தால் அது பிறக்கப்போகிற பிள்ளையின் பால்பல்லையே கறையாக்கும். பால்பற்களில் சுண்ணாம்பு ஏறுவது நாலாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் பிள்ளையின் முதல் பல் வெளியே வர இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், ஆனால் அது உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது. வலிக்குப் பாராசிட்டமால், சீழுக்கு அமாக்ஸிசிலின் வகை, இவை கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துப் பழகியவை. அவற்றையும் டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்து ஈறு வெந்துபோய் வருகிறவர்களையும் பார்க்கிறேன். வலி பல்லில் இருக்கும், புண் ஈறிலும் இருக்கும்.

மாத்திரை வலியை அடக்கும், சொத்தையை அடைக்காது. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் சீழ் பிடிக்கும். தாடைக்கு அடியில் பரவி, கழுத்து வீங்கி, வாய் திறக்க முடியாமல், காய்ச்சலோடு வருகிற கர்ப்பிணியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு முன்னால் ஒரு பல்லை அடைப்பதோ ரூட் கெனால் செய்வதோ எடுப்பதோ எவ்வளவு சின்ன வேலை!

"ஊசி போட்டா குழந்தைக்கு ஆகாதே?" மரத்துப்போகப் போடுகிற லிக்னோகைன் ஊசியைக் கர்ப்ப காலத்தில் போடலாம். "எக்ஸ்ரே?" பல்லுக்கு எடுக்கிற ஒரு சின்னப் படத்தின் கதிர்வீச்சு, நாம் எல்லாரும் மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் ஒரு நாளில் இயல்பாகவே வாங்குகிற அளவுதான், அதுவும் வயிற்றை நோக்கி இல்லை, வாயை நோக்கி. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2024-இல் ஈயக் கவசமே இனி தேவையில்லை என்று சொல்லிவிட்டது. நான் இன்னும் போட்டுத்தான் எடுக்கிறேன், அது கூட வந்த மாமியாரின் மனசுக்காக. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2013-இலேயே சொன்னது இதைத்தான்: பல் சிகிச்சையைக் கர்ப்பத்தைக் காரணம் காட்டித் தள்ளாதீர்கள், எக்ஸ்ரேயும் மரத்துப்போகிற ஊசியும் பாதுகாப்பானவை.

எந்த மாதம் நல்லது? அவசரம் என்றால் எந்த மாதமும். அவசரமில்லாத கிளீனிங், அடைப்பு இவற்றுக்கு நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சௌகரியம். மசக்கை தணிந்திருக்கும், வயிறு இன்னும் பாரமாகியிருக்காது. அதற்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும். வலப்பக்க இடுப்புக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்துச் சற்று இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் சரியாகிவிடும். டாக்டர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். இடையிடையே எழுந்து உட்காரவும், பாத்ரூம் போகவும் கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

இனிச் சொல்வது, என் சக மருத்துவர்கள் சிலருக்குப் பிடிக்காது. "ஈறு நோய் இருந்தா குறைமாசத்துல பிறந்துடும்" என்று போஸ்டர் அடித்துப் பயமுறுத்துகிறார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1996-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆஃபன்பாக்கர் என்பவர் 124 தாய்மாரைப் பரிசோதித்தார். ஈறு நோய் முற்றியவர்களுக்குக் குறைமாதத்தில், எடை குறைந்து குழந்தை பிறக்கிற வாய்ப்பு ஏழு மடங்கு என்று தெரிந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்படியென்றால் ஈறைக் குணப்படுத்தினால் குறைப்பிரசவம் குறைய வேண்டும் இல்லையா? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். மைக்கலோவிச் என்பவரின் குழு 2006-இல் 823 கர்ப்பிணிகளைப் பற்றி எழுதியது. ஈறு நோய் உள்ள அவர்களில் பாதிப் பேருக்கு 21 வாரத்துக்குள் ஆழமாகச் சுத்தம் செய்தார்கள், மீதிப் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு. குறைப்பிரசவம் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 12, அடுத்த கூட்டத்தில் 12.8. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்தது, இரண்டு காரணத்துக்காக. ஒன்று, நானூறு கர்ப்பிணிகளுக்கு ஈறைக் கிண்டிச் சுத்தம் செய்தும் குழந்தைகளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. "தொட்டா ஏதாவது ஆயிடும்" என்கிற பயத்துக்கு இதைவிடப் பெரிய பதில் இல்லை. மற்றொன்று, சிகிச்சை பெற்ற அம்மாக்களின் ஈறு குணமானது. அது போதாதா? நம் ஊரில் கர்ப்பிணிக்கு எது செய்தாலும் குழந்தைக்காக என்றால்தான் வீடு அசைகிறது. குழந்தைக்காகப் பால், குழந்தைக்காகக் குங்குமப்பூ, குழந்தைக்காக ஸ்கேன். அவளுக்கு வாயில் ரத்தம் வருகிறது, ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், ராத்திரி தூங்கவில்லை. இது அவளுக்காகச் செய்ய வேண்டிய வைத்தியம். பொய் சொல்லிப் பயமுறுத்திக் கூட்டிவர எனக்கு விருப்பமில்லை.

சர்க்கரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்திய முறையில், சாப்பிட்டு வந்தாலும் வராவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அப்படிச் சொல்லப்பட்டவர்கள் ஈறைக் கட்டாயம் காட்ட வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும்.

பிரசவம் ஆயிற்று. "பார்த்துக்கலாம்" என்ற நாள் வந்துவிட்டது. யாருக்கு நேரம்? பிள்ளை பெற்றவளுக்கு வெல்லமும் நெய்யும் போட்டுக் கிண்டிய மருந்து உருண்டை தருகிறீர்கள், தாராளமாகத் தாருங்கள், ராத்திரி பல் தேய்த்த பிறகு மட்டும் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை தருகிறீர்கள். வெற்றிலையில் எனக்குச் சண்டையில்லை, பாக்கில்தான். புகையிலை சேராத பாக்கும் வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பத்து நாள் பழக்கம் பல பேருக்குப் பத்து வருஷம் ஆகிவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்றால் வெந்நீரில் கொப்பளிக்கட்டும். கொப்பளிக்காமல் இருக்கத்தான் கூடாது.

பல்லைச் சொத்தையாக்குகிற கிருமி குழந்தைக்குப் பெரும்பாலும் அம்மாவின் எச்சிலில் இருந்து போகிறது. ஸ்பூனை நீங்கள் சுவைத்துவிட்டு ஊட்டுவது, மென்று கொடுப்பது, கீழே விழுந்த நிப்பிளை வாயில் வைத்துச் சுத்தம் செய்வது, எல்லாம் அதற்கு வழி. பாட்டிகளுக்கும் இது பொருந்தும். முதல் பல் ஆறு மாதத்தில் எட்டிப்பார்க்கும், அதற்குள் உங்கள் சொத்தைகளை அடைத்துவிட்டால் போகிற கிருமி குறையும்.

எங்கே போவது? ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். வாயைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள், நீங்களே திறந்து காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். சென்னைப் பக்கம் என்றால் 1953 முதல் இயங்குகிற அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது தாய் சேய் நல அட்டையை எடுத்துப் போங்கள். எத்தனையாவது மாதம், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்பு கரு கலைந்ததுண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று முதலிலேயே சொல்லுங்கள். கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் இங்கே இருந்தால், நீங்கள் இந்த மாதமே போய்விடுங்கள். மசக்கையும் இல்லை, வயிறும் இல்லை, மாமியாரிடம் அனுமதியும் வேண்டாம்.

அங்கே பின்வரிசையில் ஒரு அம்மா நான் பாக்கைப் பற்றிச் சொன்னதில் இருந்தே ஏதோ கேட்கத் துடித்துக்கொண்டிருக்கிறார். மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.